பரமசிவத்துக்கு விற்ற ஐந்து லைட்டுகள்

அதிகாலை நாலரை மணி, பன்னிரண்டு லைட்டுகள், பரமசிவம். மேலகரத்திலிருந்து குற்றாலம் பக்கம் ஓடப் புறப்படும் கூட்டத்தைப் பற்றிச் செய்தி எழுதச் சொன்னால் நான் இப்படித்தான் தொடங்குவேன். பன்னிரண்டு பேர், ஒவ்வொருவர் நெற்றியிலும் ஒரு லைட், எல்லோருக்கும் முன்னால் பரமசிவம். அந்தப் பன்னிரண்டில் ஒன்பது லைட் என் கடையில் வாங்கியவை.

தலையில் மாட்டும் லைட் விற்பது விசித்திரமான தொழில். செருப்பு வாங்குகிறவர் கடையிலேயே நாலு அடி நடந்து பார்த்துவிடலாம். இதை மட்டும் வெளிச்சமான நேரத்தில், வெளிச்சமான கடையில் வாங்கி, இருட்டில் கொண்டுபோய்த்தான் பார்க்க வேண்டும். இதைப் படிக்கும் நீங்களும் என்றைக்காவது ஒரு லைட்டை வீட்டுக்குக் கொண்டுபோய், "கடையில பாக்கும்போது நல்லாத்தானே இருந்தது" என்று சொல்லியிருப்பீர்கள். அந்தப் பேச்சை மறுநாள் காலையில் கேட்கிற ஆள் நான்.

தினசரி ஒன்றுக்கு இருபத்திரண்டு வருடம் தென்காசி நிருபராக இருந்துவிட்டு, ரயில் நிலையம் போகும் வழியில் டார்ச், பேட்டரி, எமர்ஜென்சி லைட் கடை வைத்தேன். பரமசிவம் ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். வயது நாற்பத்தாறு. வங்கியில் காவலர் வேலை. அவரும் அவருடன் பணியாற்றிய நாலு பேரும் அடுத்த வைகாசியில் இமயத்தில் ஒரு மலை ஏறுவதாகத் திட்டம். பணியில் இருக்கும்போது இரண்டு முறை அவர் பெயர் மலையேறும் பட்டியலில் வந்தது. முதல் முறை அப்பா இறந்தார். இரண்டாம் முறை கணுக்கால் முறிந்தது. இது மூன்றாவது வாய்ப்பு. வயதைப் பார்த்தால் இதுவே கடைசியும். உச்சிக்கு நடுராத்திரியில்தான் கிளம்புவார்கள், வெயில் ஏறிப் பனி இளகும் முன்னால் மேலே போய்த் திரும்ப வேண்டும் என்பதற்காக. அதற்கு ஒரு நல்ல லைட் வேண்டும் என்று சித்திரையில் என் கடைக்கு வந்தார். புரட்டாசிக்குள் ஐந்து லைட் வாங்கினார். ஐந்தையும் எடுத்துக் கொடுத்தவன் நான்.

எதிர்ச் சுவர்

லைட் வாங்க வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அதை எதிர்க் கடைச் சுவரில் அடித்துப் பார்ப்பார்கள். பகல் பதினோரு மணிக்கு, வெயிலில் காய்கிற சுவரில் எந்த லைட்டின் வட்டம் தெரிகிறதோ அதுதான் நல்ல லைட். மலைப் பாதையில் சுவர் கிடையாது, காலுக்கு முன்னால் ஆறு அடியும், அதற்கு அப்பால் அறுபது அடியும்தான் தெரிய வேண்டும் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். யாரும் கேட்பதில்லை. சுவர்தான் தீர்ப்பு.

பரமசிவம் சுவரில் அடிக்கவில்லை. லைட்டை நெற்றியில் மாட்டி, பட்டையை இழுத்துவிட்டு, கடைக்குள் நின்ற இடத்திலேயே பத்து முறை குதித்தார். தலையை வேகமாக இடமும் வலமும் ஆட்டினார். ஓடுகிறவர் லைட்டை அப்படித்தான் பார்க்க வேண்டும். எடை கூடினால் நெற்றியில் துள்ளும். லைட் துள்ளினால் பாதையும் துள்ளும். அரை மணி நேரத்தில் வாந்தி வரும். சின்னதாக, இருப்பது தெரியாத கனத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். என் கடையில் இவ்வளவு முறையாக லைட் பார்த்த ஆள் அவர்தான் என்று அன்று நினைத்துக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து வந்தார். லைட்டில் கோளாறா என்று கேட்டேன்.

"கோளாறுன்னு சொல்ல முடியாது அண்ணாச்சி. நேர இருக்கது தெரியுது. பக்கத்துல இருக்கது எல்லாம் இருட்டுல போயிருது."

பெட்டி சொல்லும் மணிக்கணக்கு

செய்தியில் ஓர் எண் வந்தால் எங்கள் ஆசிரியர் கேட்கும் முதல் கேள்வி, "யார் சொன்னது?" என்பது. கடைக்கு வந்த பிறகு அந்தக் கேள்வியை நான் கேட்பதை விட்டுவிட்டேன். நூறு மணி நேரம் எரியும் என்று பெட்டியில் இருந்தால் நூறு மணி நேரம் என்று வாசித்துக் காட்டுவேன். அந்த நூறு மணி, மின்மினி அளவுக்கு மங்கலாக வைத்தால்தான். முழு வெளிச்சத்தில் இரண்டரை மணி தாண்டாது. அதையும் பெட்டி சொல்லும், அடிப்பக்கத்தில், எறும்பு எழுத்தில்.

பரமசிவம் எறும்பு எழுத்தை வாசிக்கிறவர். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்று அவருக்குத் தெரியும். பேட்டரி தனியாக, சட்டைக்குள் வைத்துக்கொள்கிற மாதிரி ஒயர் உள்ள லைட் இருக்கிறதா என்று கேட்டார். பைக்குள் தானாக எரிந்து தீராமல் இருக்கப் பூட்டு உண்டா என்று கேட்டார். கூடாரத்துக்குள் மற்றவர் கண் கூசாமல் இருக்கச் சிவப்பு வெளிச்சம் வேண்டும் என்றார். பிறகு பையிலிருந்து கம்பளிக் கையுறை இரண்டை எடுத்து மாட்டிக்கொண்டு, அந்தக் கையாலேயே பட்டனை அமுக்கிப் பார்த்தார். வைகாசி மாத வெயில். நெற்றியில் லைட், கையில் கம்பளி, கழுத்து வழியே வியர்வை. டார்ச்சுக்குப் பேட்டரி வாங்கச் சுரண்டையிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது லைட்டாக, முதலாவதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சம் தருவதைக் கட்டிக் கொடுத்தேன். அவர் படி இறங்கும்போது பெரியவர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏன் தம்பி, தென்காசியில எங்கன பனி பெய்யுது?"

சாரல்

ஆனி பிறந்து சாரல் தொடங்கினால் லைட் கடைக்காரனுக்கு ஒரு ஞானம் தேவைப்படும். ஐந்தருவிக்கு மேலே தனியார் தோட்டம் ஒன்றில் மண் பாதை இருக்கிறது. காட்டுக்குள் இருட்டில் விட மாட்டார்கள். தோட்டத்தின் சொந்தக்காரர் அனுமதித்திருப்பதால் ஓட்டக்காரர்கள் அந்தப் பாதையில் ஞாயிறுதோறும் ஓடுவார்கள். சாரல் நாளில் அங்கே மேகம் தரையில் கிடக்கும். நெற்றியில் கட்டிய வெள்ளை வெளிச்சம் நீர்த்துளியில் பட்டுத் திரும்பிக் கண்ணிலேயே அடிக்கும். லைட் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய வெள்ளைத் திரை. அப்போது லைட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். வெளிச்சம் தாழ்வாகப் போகும், கல்லின் நிழல் நீளமாக விழும், பாதை தெரியும். இதைக் கண்டுபிடித்தவன் நான் இல்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம் நானே கண்டுபிடித்ததுபோலச் சொல்வேன்.

பரமசிவம் மூன்றாம் முறை வந்து, "இதுலயும் பத்தல" என்றபோது என்னிடம் விடை தயாராக இருந்தது. "சாரல்ல அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி, கொஞ்சம் மஞ்சள் கலந்த வெளிச்சமும் இடுப்புப் பட்டையும் உள்ள ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். சாரல் இல்லாத நாளிலும் தெரியவில்லையே என்றார். அதற்கும் விடை வைத்திருந்தேன். கண்ணாடியில் ஈரம் தங்கும் என்றேன். கடைக்காரனுக்கு விடை தெரிந்திருப்பது சில சமயம் நல்லதில்லை. கேள்வி முடியும் முன்னால் விடை வந்துவிடுகிறது.

ஓட்டத்தில் பரமசிவத்துக்கு அடுத்தபடி இரண்டாவதாக ஓடுகிறவர் கணேசன், மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தர். அவர் பேட்டரி வாங்க வந்தபோது, பரமசிவம் ஏன் இத்தனை லைட் மாற்றுகிறார் என்று கேட்டேன். கணேசன் சிரித்தார். முன்னால் ஓடிக்கொண்டே "வலது பக்கம் கல்லு, இடது பக்கம் பள்ளம், அடுத்து வேகத்தடை" என்று பரமசிவம் குரல் கொடுப்பாராம். ஒரு நாளும் தப்பியதில்லையாம்.

"அவருக்கு லைட்டே வேண்டாம் அண்ணாச்சி. கண்ண மூடிக்கிட்டு ஓடினாலும் கல்லு எங்கன கெடக்குன்னு சொல்லிருவாரு."

ஒரு முழ வெளிச்சம்

செங்கோட்டைக்கு அப்பால் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் ராஜப்பன் வருடத்துக்கு ஒரு முறை வருவார். விடியும் முன் மரத்தில் கீறல் போட்டால்தான் பால் நன்றாக வடியும். நெற்றியில் லைட், கையில் கத்தி, ஒரு மரத்துக்கு அரை நிமிடம். கடையிலேயே சிறிய, மங்கலான லைட்டைத்தான் அவர் வாங்குவார். பெரியதை எடுத்து வைத்தால் தள்ளிவிடுவார்.

ஆவணியில் அவர் வந்த நேரம் பரமசிவமும் இருந்தார். நாலாவது லைட். பேட்டரி பின்னந்தலையில் இருக்கும் பெரிய வகை. வீட்டுக்குள் போட்டால் எதிரில் நிற்பவர் கையால் முகத்தை மறைத்துக்கொள்வார். ராஜப்பன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இத்தனை வெளிச்சம் எதுக்கு சாரே? எனக்குக் கத்தி விழுற இடம் தெரிஞ்சா மதி" என்றார். மலையாளத்தில் மதி என்றால் 'போதும்' என்று அர்த்தம். வேலைக்குப் போகும் முன் லைட் போடாமல் பத்து நிமிடம் இருட்டில் நிற்பேன், கண் பழகிவிடும், பிறகு லைட் ஒரு துணைக்குத்தான் என்றார். அவர் தோட்டத்தில் யாருக்காவது இருட்டில் கண் பழகவில்லை என்றால் கங்காணி அவரைப் பகல் வேலைக்கு மாற்றிவிடுவாராம். சொல்லிவிட்டுப் பரமசிவத்தைப் பார்த்து, "சாருக்கு எத்தர நேரம் எடுக்கும், கண்ணு பழக?" என்று கேட்டார்.

கேள்வி என் காதில் விழுந்தது. நான் நாலாவது லைட்டைப் பெட்டியில் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டி முடித்தேன். பரமசிவம் பெட்டியை வாங்கிக்கொண்டு சிரித்தார்.

"பழகதுக்கு எங்க நேரம் இருக்கு? லைட்டப் போட்டுட்டு ஓட வேண்டியதுதான்."

பிச்சிப்பூ பறிக்கிறவர்

சுரண்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாரியம்மாள் வருவார். பிச்சிப்பூ விரியும் முன்னால் மொட்டாகப் பறித்துச் சந்தைக்கு அனுப்ப வேண்டும். அதனால் இருட்டோடு தோட்டத்தில் இறங்குவார்கள். லைட் வாங்குவதில் அவருக்கு ஒரே நிபந்தனை: முடியைப் பிடித்து இழுக்காத பட்டை. வெளிச்சத்தைப் பற்றி அவர் கேட்டதே இல்லை.

புரட்டாசியில் ஒரு நாள் மாலை அவர் கடைக்குள் ஓரமாக நின்று பட்டைகளை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பரமசிவம் ஐந்தாவது லைட்டுக்கு வந்தார். இரண்டு பல்பு உள்ளது வேண்டும், ஒன்று தூரத்துக்கு, ஒன்று அகலத்துக்கு என்றார். பக்கவாட்டில் அகலமாக விழ வேண்டும் என்று மூன்று முறை சொன்னார். டீக்கடையிலிருந்து வந்த கிளாஸை அவர் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு நிமிடம் கழித்து, "டீ சொல்லலையா அண்ணாச்சி?" என்று கேட்டார். திரும்பியபோது கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. நான் கூட்டி அள்ளினேன். லைட்டைக் கொடுத்தேன். அவர் போகும்போது மாரியம்மாளின் கூடையில் இடித்து, காலை மிதித்து, நிற்காமல் படியிறங்கினார்.

மாரியம்மாள் கால் விரலைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தார். கோபமாக ஏதோ சொல்லப் போகிறார் என்று எதிர்பார்த்தேன்.

"திமிருன்னு நெனச்சேன் அண்ணாச்சி. அப்படி இல்ல. பக்கத்துல ஒருத்தி நிக்கதே அவருக்குத் தெரியல."

ஜல்லிக் குவியல்

ஐப்பசி முதல் வாரம். குற்றாலத்திலிருந்து ஐந்தருவி போகும் சாலையில், ஒட்டுப் போடுவதற்காக முந்தின நாள் இரவு யாரோ ஒரு லோடு ஜல்லியைத் தட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இடது ஓரத்தில், இடுப்பு உயரத்துக்கு. சிவப்புக் கொடியோ கல்லோ வைக்கவில்லை. மழை இல்லை, சாரல் இல்லை, மேகம் இல்லை. பரமசிவத்தின் நெற்றியில் என் கடையிலேயே அதிக வெளிச்சமும் அதிக அகலமும் உள்ள லைட் எரிந்துகொண்டிருந்தது. அவர் வேகத்தைக் குறைக்காமல் இடது தோளைக் கொடுத்துக் குவியலில் ஏறிச் சரிந்தார். பின்னால் வந்த கணேசன் அவர் மேல் விழுந்தார். கணேசனுக்குக் காறை எலும்பு முறிந்தது. பரமசிவத்துக்கு முழங்காலில் எட்டுத் தையல்.

இரண்டு நாள் கழித்துக் கணேசனை வீட்டில் பார்த்தேன். கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். குவியல் தெரியவில்லையா என்று கேட்டேன். நிருபர் பழக்கம், தெரிந்த விடையை இன்னொருவர் வாயிலிருந்து வாங்குவது. அவருக்குத் தன் எலும்பைப் பற்றி வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

"பின்னால வந்த நாங்க ஆறேழு பேரு தூரத்துலயே பாத்துட்டோம் அண்ணாச்சி. முன்னால போறவரு பாக்காமலா இருப்பாருன்னு ஒருத்தரும் சத்தம் போடல."

செண்பகம் கொண்டுவந்த பை

மறுநாள் காலை கடை திறந்தவுடன் பரமசிவத்தின் மனைவி செண்பகம் வந்தார். மேலகரத்தில் அங்கன்வாடி ஆசிரியை. கையில் ஒரு மஞ்சள் பை. ஐந்து லைட்டையும் மேஜையில் வரிசையாக வைத்து, "இதுல எதுலயாவது கோளாறு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

பின்பக்கச் சரக்கறையில் கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். முதல் லைட்டில் கூட, தரையில் விழுந்திருந்த திருகு ஆணி தெரிந்தது. ஐந்தாவதில் அறையின் நாலு மூலையும் தெரிந்தன. நான் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டேன். அவ்வளவு நேரம் தேவையில்லை; வெளியே வந்து சொல்லத்தான் நேரம் தேவைப்பட்டது. கோளாறு இல்லை என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

பிறகு அவர் சொன்னார். வங்கியிலிருந்து வந்ததும் பரமசிவம் தினமும் ஐந்து மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு மறுநாள் ஓடப்போகும் பாதை முழுவதும் ஒரு முறை போய்வருவாராம். கல், பள்ளம், வேகத்தடை எல்லாம் மனப்பாடம். அந்த ஜல்லி வந்தது அவர் பார்த்துவிட்டுத் திரும்பிய பிறகு. வீட்டில் ஆறு மணிக்கு மேல் கொல்லைப்புறக் குழாய்க்கு அவர் தனியாகப் போவதில்லை. அவருடைய தாய்மாமா ஒருவரும் இதே வயதில்தான் பொழுது சாய்ந்தால் வெளியே வருவதை நிறுத்தினாராம். இரண்டு வருடமாகவே இப்படித்தான், டாக்டரிடம் போவோம் என்றால் கோபப்படுகிறார் என்றார்.

"நான் சொன்னா, மலைக்குப் போகவிடாம மறிக்கேன்னு நெனப்பாவ. வித்தவுக நீங்க சொல்லுங்க, லைட்டு எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு."

வித்தவர் சொன்னது

ஞாயிறு மதியம் பரமசிவம் தையல் போட்ட காலை நீட்டி நீட்டி நடந்து வந்தார். எதிர்க் கடைகள் அடைத்திருந்தன. பெஞ்சில் உட்காரச் சொன்னேன். ஆறாவதாக ஏதாவது புதிதாக வந்திருக்கிறதா என்று கேட்டார். சென்னையில் விசாரித்ததாகவும், ஜெர்மன் தயாரிப்பு ஒன்று இருப்பதாகவும் சொன்னார். மொட்டை வெயில். கடைக்குள் நன்றாக வெளிச்சம். "நேரா அந்தக் காலண்டரப் பாரும். நான் பக்கத்துல எத்தன விரல் காட்டுதேன்னு சொல்லும்" என்றேன்.

அவர் காலண்டரைப் பார்த்தார். முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்து, அணிவகுப்பில் உட்கார்ந்ததுபோல இருந்தார். ஒரு நிமிடம் ஆனது. "சரி, காட்டுங்க அண்ணாச்சி" என்றார். நான் முதலிலேயே அவர் காதுக்குப் பக்கத்தில் இரண்டு விரலைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன். கையை மெதுவாக முன்னால் கொண்டுவந்தேன். கன்னம் தாண்டி, மூக்குக்கு நேராக வரும்போதுதான் அவர் கண் அசைந்தது. "ரெண்டு" என்றார். பிறகு என் தோள் எங்கே இருந்தது, கை எங்கிருந்து வந்தது என்று தானே அளந்து பார்த்துக்கொண்டார்.

"அஞ்சு லைட்ட வித்துட்டு இப்பச் சொல்லுதியளே" என்றார். ஆமாம் என்றேன். முதல் நாளே அவர் சரியாகத்தான் சொன்னார், பக்கத்தில் இருப்பது இருட்டில் போய்விடுகிறது என்று. நான் அதை லைட்டைப் பற்றிய புகாராக எழுதிக்கொண்டேன்.

"மேல ஏறையில எல்லாரையும் ஒரே கயித்துலதான கட்டுவாவ?" என்று கேட்டேன்.

"அஞ்சு பேரையும்."

"நீரு விழுந்தா?"

"தெரியும் அண்ணாச்சி. கணேசன் தோளப் பாத்த அன்னைக்கே தெரியும்." பிறகு, "அவனுவகிட்ட நீங்க சொல்லிருவியளோ?" என்றார்.

"நீரு சொல்லலைன்னா சொல்லுவேன்."

அவர் எழுந்தார். பெஞ்சின் விளிம்பைக் கையால் தொட்டுக்கொண்டே வந்து, வாசல் நிலையைப் பிடித்து, படி எங்கே என்று குனிந்து பார்த்து இறங்கினார். அதுவரை என் எதிரில் அவர் அப்படி இறங்கியதே இல்லை. தெருவில் நின்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"பேப்பர்காரன் புத்தி போகல உங்களுக்கு. அந்தச் செய்தி என் செய்தி, நானே சொல்லிக்கிடுதேன்."

பிறகு

அன்று மாலையே நாலு பேருக்கும் போன் செய்து சொன்னதாகச் செண்பகம் பிறகு என்னிடம் தெரிவித்தார். திருநெல்வேலியில் கண் டாக்டர் பார்த்தார். பரம்பரையாக வருவது, முதலில் இருட்டில் பார்வை போகும், பிறகு பக்கப் பார்வை சுருங்கும், கண்ணாடியாலோ ஆபரேஷனாலோ திரும்பாது என்றார். பகலில் நேர்ப்பார்வை இன்னும் பல வருடம் இருக்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். இரண்டு தம்பிகளையும் கூட்டிவரச் சொன்னார். கடைசித் தம்பி காவல்துறையில் ஜீப் ஓட்டுகிறவர். அவரைக் கூட்டிப்போனது பரமசிவம்தான். இரண்டு தம்பிகளுக்கும் கண்ணில் எதுவும் இல்லை.

மலைக்குப் போகும் நாலு பேரில் ஒருவர் மதுரையிலிருந்து கிளம்பி வந்து ஒரு முழு நாள் அவர் வீட்டில் இருந்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவில்லை. மேல் முகாம் வரை பகலில்தான் ஏறுவார்கள், அதுவரை பரமசிவம் வரலாம், அதற்கு மேல் இல்லை என்று முடிவானதாக அறிந்தேன். காலைக் கூட்டம் இப்போது கணேசன் தலைமையில் ஓடுகிறது. பரமசிவம் ஆறரை மணிக்கு, வெயில் வந்த பிறகு, தனியாக ஓடுகிறார். வழியில் பார்த்தால் நான் குரல் கொடுப்பேன். எந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறேன் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் பேச்சு.

எதிர்ச் சுவரைத் தேடுகிறவர்கள் இன்றும் வருகிறார்கள். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார்கள். நான் அதற்கு முன்னால் அவர்களை உட்காரவைத்துப் பக்கத்தில் விரலைக் காட்டுகிறேன், அதனால் தென்காசியில் லைட் கேட்டுப் போனால் கண்ணைச் சோதிக்கிற பைத்தியக்காரக் கடை என்று எனக்குப் பெயர் ஆகிவிட்டது.

வைகாசி ஒன்பதாம் தேதி இரவு பன்னிரண்டரை மணிக்கு மேல் முகாமிலிருந்து நாலு பேர் உச்சிக்குக் கிளம்பினார்கள். பரமசிவம் கூடாரத்தில் இருந்தார்.